மீன் தொட்டி சொன்ன பதில்

'நீங்கள் அழைத்த இலக்கத்துடன் தொடர்புகொள்ள முடியவில்லை...'

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரியைக் கழுத்தை நெரித்துக் கொல்லலாம் போலிருந்தது ஞானேஸ்வரிக்கு!

முந்தநாளிலிருந்து இதே பாட்டு. தங்கை லீலாதேவியின் போன் செத்துக் கிடந்தது.

லீலா...?

மறுபடி அழைத்தாள். அதே குரல்.

கண்டி, அனிவத்தைச் சரிவில் பலகைத் தரை போட்ட அந்தப் பழைய வீட்டின் ஹாலில் மூன்று பேர். ஞானேஸ்வரி. லீலாவின் கணவன் யோகேந்திரன். இன்ஸ்பெக்டர் முனாப்.

"எத்தினை தரம் அக்கா சொல்றது?" யோகேந்திரன் அலுத்துக்கொண்டான். "சண்டை பிடிச்சா... பையைத் தூக்கினா... கொழும்புக்குப் போட்டா. கோபம் ஆறினால் வருவா!"

"பொய்! கொழும்பில அவளுக்கு ஆர் இருக்கினம்?"

"மிஸ்..." முனாப் இடைமறித்தார். "அறையெல்லாம் பாத்தாச்சி. தோட்டமும் பாத்தாச்சி. இனி நான் என்னத்த செய்ற?"

"சேர், உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்... இன்னும் ஒருக்கா..."

அவர் தொப்பியை எடுத்தார்.

அவ்வளவுதான். இவர் வாசற்படி இறங்கினால் லீலாவைத் தேட உலகத்தில் இனி ஒருவரும் இல்லை. ஞானேஸ்வரி வாசலை மறித்து நின்றாள்.

அப்போதுதான் அது நடந்தது!

ஹால் மூலையில் லீலாவின் மீன் தொட்டி. பளிச்சென்றிருந்த அதன் விளக்கு... மெல்ல மங்கியது.

பளீரென்று எரிந்தது.

மறுபடி மங்கியது!

மீன்கள் மிரண்டு கண்ணாடியில் முட்டின.

"டைமர் பழுது..." யோகேந்திரன் பிளக்கைப் பிடுங்க ஓடினான்.

"தொடாதேங்கோ!"

ஞானேஸ்வரி போட்ட கூச்சலில் இன்ஸ்பெக்டரே திடுக்கிட்டார்.

"சேர்! விடிய விடியிற மாதிரி மெல்லக் கூடும், பின்னேரம் பொழுதுபடுற மாதிரி மெல்லக் குறையும். அப்பிடித்தான் அவள் இந்த லைட்டை வச்சிருக்கிறாள். டக்கெண்டு மாறினால் மீன் பயந்து செத்துப்போகும் எண்டுவாள். இது டைமர் இல்லை! ஆரோ கையால மாத்துகினம்!"

"கையாலயா? தொட்டிக்கிட்ட ஒத்தரும் இல்லயே?"

"போனால! லைட்டுக்கெண்டே ஒரு பழைய போன் வச்சிருக்கிறாள். சிம் இல்லை, கோல் எடுக்கேலாது. புளூடூத் மட்டுந்தான். பக்கத்தில நிண்டால்தான் வேலை செய்யும், சேர்... பக்கத்தில!"

யோகேந்திரனின் முகத்தில் இரத்தம் வற்றியது.

"அக்காவுக்கு விசர் பிடிச்சிட்டுது!" என்று பாய்ந்தான். முனாப்பின் கை அவன் சட்டைக் கொலரில் விழுந்தது.

"ஆடாம நில்லுங்க!"

ஞானேஸ்வரி தொட்டிக்கு முன்னால் முழங்காலில் விழுந்தாள்.

"லீலா! நான் அக்கா! நீயெண்டால் லைட்டை நிப்பாட்டு!"

தொட்டி இருண்டது!

"யா அல்லாஹ்..." என்றார் முனாப்.

"எங்கயடி இருக்கிறாய்? ஓமெண்டால் லைட்டைப் போடு. கூரைக்குள்ளயோ?"

இருட்டு.

"பின்பக்கக் கொட்டிலோ?"

இருட்டு.

"கீழயோ? இந்தப் பலகைக்குக் கீழயோ?"

இருட்டு... இருட்டு...

பற்றரி முடிந்துவிட்டதா? இல்லை, அவளே...?

"லீலா! என்ர குஞ்சு! ஒருக்கா... ஒரேயொருக்கா!"

தண்ணீருக்குள் நூல்போல ஒரு வெளிச்சம். சாகப்போகிறவளின் மூச்சுப்போல நடுங்கி... நடுங்கி... எரிந்தது!

"கீழதான்!"

முனாப் வாசலில் நின்ற கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு யோகேந்திரனை ஒப்படைத்தார். சோபாவை ஓர் உதை! கம்பளத்தை உருவி எறிந்தார். கீழே பலகைக் கதவு. பூட்டு இரண்டு அடியில் தெறித்தது.

ஏணியில் முதலில் இறங்கியவள் ஞானேஸ்வரி.

ஈர மண் தரை. வாயில் துணி, பின்னால் கட்டிய கைகள்... அந்த விரல்களுக்குள் பழைய போன்.

உயிர் இருந்தது!

துணியை இழுத்தெறிந்து தங்கையை மார்போடு அணைத்தாள்.

"முடிஞ்சுது, குஞ்சு. இனிப் பயமில்லை. ஏன் அந்த நாய் உன்னை..."

"பழைய திரைச்சீலை எடுக்க இறங்கினனான், அக்கா... இந்தப் போன் இடுப்பில செருகியிருந்தது அவருக்குத் தெரியாது..." லீலாவின் பற்கள் கிட்டித்தன. "அங்க... அங்க பாருங்கோ..."

முனாப்பின் டோர்ச் மூலைக்குத் திரும்பியது.

எலி கிளறிய மண். மக்கிய சேலைத் தலைப்பு. அதற்கு வெளியே, வளையலோடு... ஒரு கை எலும்பு!

"அவற்ர முதல் பெண்சாதி. விட்டிட்டுக் கனடாவுக்குப் போட்டா எண்டுதான் எல்லாருக்கும் சொன்னவர். நான் கண்டிட்டனெண்டு தெரிஞ்சதும் என்னையும்..."

ஞானேஸ்வரி தங்கையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

முனாப் மேலே ஏறி வந்தார். யோகேந்திரனின் மணிக்கட்டில் விலங்கு 'க்ளிக்' என்றது.

"விசாவுக்குச் சனம் வருசக்கணக்கா அலையுது. நீங்க சோபாவுக்குக் கீழயே கனடாவுக்கு வழி வெச்சீக்கிறீங்களே, துரை!"