வலித்தால் இடது கையைத் தூக்குங்கள்

கண்ணாடியில் ஆவி படியவில்லை.

பல் டாக்டர் அதைக் கவனிக்கத்தான் செய்தார். யார் வாய்க்குள் நுழைத்தாலும் அந்தச் சின்ன வட்டக் கண்ணாடி மூச்சுப் பட்டதும் மங்கிவிடும். துடைத்துத் துடைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும். இன்று அது கடையிலிருந்து அப்போதுதான் வாங்கி வந்ததுபோலப் பளிச்சென்று இருந்தது. ஏசிக் காற்று காய்ந்து கிடக்கிறது, அதனால்தான் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மறுத்துப் பேச ஆளில்லாத வீட்டிலிருந்து வருகிறவர் அவர். அவருக்குச் சமாதானம் சீக்கிரம் கிடைத்துவிடும்.

நாற்காலியில் சாய்ந்திருந்தவர் கிளினிக்கை மூடுகிற நேரத்தில்தான் வந்தார். இடது கன்னத்தோடு சேர்த்துத் துண்டைச் சுற்றியிருந்ததில் பாதி முகம்தான் தெரிந்தது. உதவிக்கு இருக்கும் பெண் உள்ளே எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"சார், ஒருத்தர் வந்திருக்காரு. நாளைக்கு வரச் சொல்லிடட்டுமா?"

"வலியோட வந்தவர எப்படிம்மா அனுப்புறது? உட்காரச் சொல்லு. நீ கிளம்பு."

"தனியாவா செய்வீங்க?"

"வேர் சிகிச்சையாவே இருந்தாலும் எனக்கென்ன புதுசா?"

அவள் போனாள். வாசல் கதவு சாத்திக்கொண்ட சத்தம் கேட்டபோது டாக்டருக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்குப் போவதை இன்னும் கொஞ்சம் தள்ளிப்போடலாம். மகளின் பிரசவத்துக்கென்று போன மனைவி, பேரன் நடக்கத் தொடங்கிய பிறகும் திரும்பி வரவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. அங்கே பேச்சும் சிரிப்புமாக இருக்கிறது, இங்கே இல்லை, அவ்வளவுதான். சாப்பிடும்போது அடுத்த அறையில் டிவியை ஓடவிடுவார், யாரோ பேசிக்கொண்டிருக்கட்டும் என்று.

வாயைத் திறந்து வைத்திருப்பவரிடம் கேள்வி கேட்பது பல் டாக்டர்களுக்கே உரிய வியாதி. இவருக்கு அது முற்றிப்போயிருந்தது. கேள்வியையும் அவரே கேட்பார், பதிலையும் அவரே சொல்லிக்கொள்வார்.

"வீட்டுல யாராவது காத்துக்கிட்டு இருக்காங்களா?"

வந்தவர் மெல்லத் தலையை ஆட்டினார். இல்லை.

"யாரும் இல்லையா. பரவால்ல. அப்ப அவசரமில்லாம செய்யலாம்."

சீழ் பிடித்த பல்லை முதல் நாள் திறந்து, சுத்தம் செய்து, மருந்து வைத்து அனுப்புவதுதான் அவர் வழக்கம். மிச்சத்தை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். இன்று ஒரே மூச்சில் முடித்துவிடத் தோன்றியது. அவசரத்தில் அல்ல, இவர் எழுந்து போய்விட்டால் அறை காலியாகிவிடும் என்ற பயத்தில்.

எக்ஸ்ரே எடுத்தார். இடது பக்கம், கீழ்த்தாடை, கடைசிக்கு முந்திய கடைவாய்ப்பல். திரையில் பல் தெரிந்தது, வேர்கள் கீழே இறங்குவது தெரிந்தது, ஆனால் அவை முடியும் இடம் தெரியவில்லை. படத்தின் ஓரத்தைத் தாண்டிப் போயிருந்தன. சரியாக வைக்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடி எடுத்தார். மறுபடியும் அப்படியேதான் வந்தது. அந்தப் பெண்ணை அனுப்பியிருக்கக் கூடாது, அவள்தான் இதைச் சரியாகப் பிடிப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

"வலிச்சா இடது கையத் தூக்குங்க. உடனே நிறுத்திடுவேன்."

மரத்துப்போக ஊசி போட்டார். போட்டு முடித்ததும் அவருக்கே ஒரு நிம்மதி வந்தது. சில வாரமாக அவருடைய பல் ஒன்றும் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. "ஊருக்கெல்லாம் பல்லு பாக்குறீங்க, உங்க பல்ல ஒருத்தர்கிட்ட காட்ட மாட்டேங்கறீங்க" என்று மனைவி போனில் குறைபட்டதோடு சரி. இப்போது அந்த வலி சட்டென்று அடங்கியது.

"பாருங்க, ஊசி உங்களுக்கு, சொகம் எனக்கு" என்று சிரித்தார். வந்தவர் சிரிக்கவில்லை.

பல்லில் பழைய அடைப்பு ஒன்று இருந்தது. அதன் உள்மூலையில் சின்னதாக ஒரு பள்ளம், நாக்கு நுனி போய் உட்காரும் அளவுக்கு. இதை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. எங்கே என்று பிடிபடவில்லை. பார்த்ததாகக்கூட இல்லை, தடவிப் பழகியதுபோல இருந்தது.

ரப்பர் திரையை வாய்மேல் இழுத்து மாட்டினார். அந்தப் பல் மட்டும் திரையில் போட்ட துளை வழியே வெளியே நின்றது. துளையிடும் கருவி கீச்சிட்டது. பல் கருகும் வாசனை, கிராம்பெண்ணெய் வாசனை, அதன் அடியிலிருந்து கிளம்பி வந்த அழுகல் வாசனை. எச்சிலை உறிஞ்சும் குழாய் உதட்டோரத்தில் தொங்கிக்கொண்டு வெறும் காற்றை இழுத்து விசிலடித்தது. ஒரு சொட்டு எச்சில்கூட வரவில்லை.

எதையாவது பேசலாம் என்று வாயைத் திறந்தார். வார்த்தை குழறியது. முகமூடிக்குள் இடது பக்க உதடு தடித்துப்போய், தன்னுடையதே இல்லை என்பதுபோலத் தொங்கியது. களைப்பாக இருக்கும். இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவர் பேசாமல் வேலை செய்தார், அறை எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் தெரிந்தது.

வேர் முனையைக் கண்டுபிடிக்கும் கருவியை இணைத்தார். அதன் ஒரு கம்பியில் இருந்த கொக்கி வந்தவரின் உதட்டில் தொங்கியது. இன்னொன்றை, வேருக்குள் விடும் மெல்லிய எஃகு ஊசியோடு பிணைத்தார். ஊசி நுனி வேரின் முடிவை நெருங்க நெருங்கக் கருவி விட்டுவிட்டுக் கத்தும், தொட்டதும் நிறுத்தாமல் கத்தும். இத்தனை நாளும் அந்தச் சத்தத்தை நம்பித்தான் அவர் கை நின்றிருக்கிறது.

ஊசியைத் திருகி இறக்கினார். கருவி கத்தவில்லை.

இன்னும் இறக்கினார். பிடி வந்து பல்லில் முட்டியது. கருவி கத்தவில்லை.

கம்பியை ஆட்டிப் பார்த்தார். அதைவிட நீளமான ஊசியை எடுத்தார். அதுவும் முழுசாக உள்ளே போனது. இருப்பதிலேயே நீளமானதை எடுத்தார். வேர் என்றால் ஒரு முடிவு இருக்க வேண்டும். இது கிணற்றில் கயிறு விடுவதுபோலப் போய்க்கொண்டே இருந்தது.

விரலை எடுத்தார். எடுத்த பிறகும் ஊசி திரும்பியது. மெதுவாக. தானாக.

உள்ளிருந்து யாரோ பிடித்துத் திருகுகிறார்கள்.

அழுகல் வாசனை கூடியது. டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாசனையும் கூடவே திரும்பியது. அது நாற்காலியிலிருந்து வரவில்லை. அவருடைய முகமூடிக்குள்ளேயே இருந்தது.

அவருடைய உதட்டோரத்தில் ஏதோ சில்லென்று பட்டது. வளைந்த கம்பி. கொக்கி.

கத்தப் பார்த்தார். நாக்கு ரப்பரில் முட்டியது. அதன் கசப்பு தொண்டைவரை இறங்கியது.

நாக்கை இடது பக்கம் நகர்த்தினார். கீழே. கடைசிக்கு முந்தியது. அந்தப் பள்ளம் இருக்கும் இடம். தினமும், தூக்கத்தில்கூட, நாக்கு போய் உட்காரும் இடம். இப்போது பள்ளம் இல்லை. பல்லின் நடுவே ஒரு துளை இருந்தது. துளையிலிருந்து, மயிரிழை போல மெல்லியதாக, எஃகு நுனி ஒன்று மேலே வந்துகொண்டிருந்தது.

திரும்பிக்கொண்டே.

மரப்பு போயிருந்தது. வலி தாடையிலிருந்து காதுக்குப் போனது. காதிலிருந்து கண்ணுக்கு.

கருவி கத்தியது. ஒரு முறை. மறுபடி. நெருக்கி நெருக்கி. பிறகு நிறுத்தாமல்.

ரப்பர் திரைக்குப் பின்னால், அசைய முடியாத அந்த வாயிலிருந்து குரல் வந்தது. பொறுமையான, கொஞ்சம் தமாஷான, பேச்சுத் துணைக்கு ஏங்கிப்போன குரல். டாக்டருடைய குரல்.

"வீட்டுல யாராவது காத்துக்கிட்டு இருக்காங்களா?"

மேல்விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில் டாக்டருடைய இடது கை உயர்ந்தது. எவ்வளவு உயர முடியுமோ அவ்வளவு உயர்ந்து, விரல்களை விரித்து, நின்றது. வாசல் சாத்தியிருந்தது. உதவிப் பெண்ணின் நாற்காலி காலியாக இருந்தது. தட்டில் கிடந்த வட்டக் கண்ணாடி மெல்ல மெல்ல ஆவி படிந்து மங்கியது.

"யாரும் இல்லையா" என்றது குரல். "பரவால்ல. அப்ப அவசரமில்லாம செய்யலாம்."