பருப்புத் தண்ணீர்

காந்தி மார்க்கெட்டில் பருப்பு மண்டி வைத்திருக்கிற மருதை வீட்டில் ஒரு பிள்ளை பருப்புச் சோற்றுக்காக அழுகிறது என்றால் வரகனேரியில் யாரும் நம்பமாட்டார்கள். அன்று காலையிலிருந்து அதுதான் நடந்தது. அழுதவள் மருதையின் தம்பி மகள் மயிலு. டைபாய்டு காய்ச்சல் இப்போதுதான் இறங்கியிருந்தது. தான் சொல்லும்வரை தெளிந்த தண்ணீரைத் தவிர ஒரு பருக்கைகூட உள்ளே போகக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

அடுப்படியில் மருதையின் மனைவி வேலம்மாள், மஞ்சளும் ஒரு சொட்டு விளக்கெண்ணெயும் விட்டுத் துவரம்பருப்பை வேகவைத்திருந்தாள். மேலே நின்ற தெளிவை மட்டும் துணியில் வடித்து, உப்புப் போட்டு டம்ளரில் ஊற்றினாள். கீழே தங்கிய பருப்பு மற்றவர்களுக்குக் குழம்பாகும். அந்த வாசனைதான் பிள்ளையைப் பாடாய்ப் படுத்தியது, பாவம்.

மயிலுவின் தாய் ரங்கநாயகி முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி வந்து நின்றாள். பல் முளைக்காத பிள்ளைக்கே முதலில் பருப்புச் சோறுதானே ஊட்டுகிறோம், அது என்ன கல்லா என்று கேட்டாள். கூடாது என்று வேலம்மாள் தலையை ஆட்டினாள். பிள்ளை இல்லாதவளுக்குப் பெற்ற வயிறு எரிவது எங்கே தெரியும் என்று ரங்கநாயகி முணுமுணுத்தாள். வேலம்மாள் டம்ளரை ஆற்றத் தொடங்கினாள்.

மயிலுவின் தகப்பன் ரத்தினவேல் பொன்மலைக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். மாமியார் சாகும்போது வேலம்மாள் மடியில் போட்டுவிட்டுப் போன பிள்ளை அவன். அண்ணியை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. அன்று மகளின் அழுகை அவனை என்னவோ செய்துவிட்டது. விறுவிறுவென்று உள்ளே வந்து, தட்டில் சோற்றைப் போட்டு, பருப்பும் நெய்யும் விட்டு அவனே பிசைந்தான்.

"தம்பி, வேண்டாம்ப்பா..."

"எனக்கும் இப்படித்தானே அண்ணி செஞ்சீங்க? எனக்கும் பிச்சைக்கும் ஒண்ணாத்தான் இதே காய்ச்சல் வந்துச்சு. எனக்குத் தண்ணி. அவனை மடியில வச்சு, கதவைச் சாத்திக்கிட்டுப் பருப்புச் சோறு ஊட்டினீங்க. இடுக்கு வழியா பாத்துக்கிட்டு நின்னேன். ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு... இன்னிக்கும் பருப்பு கொதிச்சா எனக்கு அந்தக் கதவுதான் ஞாபகம் வருது."

பிச்சை, சமயபுரத்தாளிடம் மடியேந்தி வேலம்மாள் பெற்ற ஒரே மகன். அந்தக் காய்ச்சலில் போனான் என்றுதான் ஊருக்கும் ரத்தினவேலுக்கும் தெரியும். சொல்லாமலே செத்துப்போக வேண்டும் என்றுதான் வேலம்மாள் இத்தனை காலம் இருந்தாள். ஆனால் அவன் தட்டோடு பிள்ளையிடம் போகிறானே! ஓடிப்போய் வாசற்படியில் குறுக்கே நின்றாள்.

"ஊட்டினேன் தம்பி. நீ பாத்தது நெசம். அன்னிக்கு மத்தியானமே அவன் வயிறு கல்லாட்டம் ஆயிடுச்சு. புண்ணாக் கெடந்த குடல் அந்தச் சோத்துல ஓட்டை விழுந்துடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு. அவன் காய்ச்சல்ல போகலப்பா... என் கையால போனான். உங்க அண்ணனுக்குத் தெரியும். இதுவரைக்கும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல."

ரத்தினவேல் தட்டைப் பிடித்தபடியே, தனக்கு மட்டும் ஏன் கொடுக்கவில்லை என்று சிறு பிள்ளை மாதிரி கேட்டான்.

"நீ உங்கம்மா என்னை நம்பி விட்டுட்டுப் போன பிள்ளை. உன் விஷயத்துல டாக்டர் பேச்சை மீற பயமா இருந்துச்சு. அவன் என் பிள்ளைதானே... கெஞ்சினான். மனசு கேக்கல."

ரங்கநாயகி ஓவென்று அழுது வேலம்மாளின் காலைக் கட்டிக்கொண்டாள். ரத்தினவேல் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினான். அவள் அழவில்லை. அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அன்று அவன் வேலைக்குப் போகவில்லை. கையைக் கழுவிவிட்டு, பருப்புத் தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு மகளின் பாயில் உட்கார்ந்தான். அவள் முதல் கரண்டியைத் துப்பினாள். சோறு கொடுக்காத அப்பா வேண்டவே வேண்டாம், உன்னை எனக்குப் பிடிக்கவில்லை என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பிடிக்காட்டி பரவாயில்லம்மா" என்று அவள் முகத்தைத் திருப்பி, அடுத்த கரண்டியைக் கொடுத்தான்.