நாற்பத்தொரு விழுக்காடு உண்மை

கீழே விழப்போன வெங்காய பஜ்ஜியைக் காப்பாற்றப் போய், மீட்பு மையத்தில் பணியிலிருந்த மரியநாதன் முழங்கையால் அவசரப் பொத்தானை அமுக்கிவிட்டார். ஆறு மீட்பூர்திகள் தேனிக் கல்யாண மண்டபம் ஒன்றின் மேல் இறங்கி, மாப்பிள்ளையைத் தூக்குப்படுக்கையில் கட்டிக்கொண்டு பறந்தன. பஜ்ஜி பிழைத்தது.

அதன்பிறகு மையத்துக்கு ஐயப்பொறி வந்தது. அழைப்பவரின் குரலை அளந்து எத்தனை விழுக்காடு உண்மை என்று சொல்லும். எண்பதைத் தாண்டினால்தான் மீட்பூர்திகள் எழும்பும். மனிதன் கைக்கு மிச்சம், பொறியை மீறி ஊர்திகளை எழுப்பக் கண்ணாடிக்குள் ஒரு சிவப்புப் பிடி. இழுத்தால் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். மரியநாதனின் கோப்பில் ஏற்கெனவே ஒரு மாப்பிள்ளை இருந்தார்.

அன்று காலை பதினொன்று பத்துக்கு, மலைமேல் ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் பேச்சியம்மாள் அழைத்தாள்.

"பிளேன் விழுந்துருச்சுய்யா! உள்ள ஆளுக கத்துறாக!"

ஒரு பயணிகள் விமானம் ரேடார் திரையிலிருந்து மறைந்ததாகவும், கடலில் தேடுவதாகவும் விமான நிலையம் அப்போதுதான் சொல்லியிருந்தது. ஐயப்பொறியோ நாற்பத்தொன்று காட்டியது. கத்துகிறவர்களும் திட்டுகிறவர்களும் பொய்யர்கள் என்பது அது படித்த பாடம்.

"அம்மா, நிதானமாப் பேசுங்க. மார்க் ஏறும்."

"மார்க்கா? பரிச்சையாடா எழுதுறேன்? உன் வாயில கொள்ளிய வைக்க!"

முப்பத்தெட்டு.

மரியநாதனின் கை சிவப்புப் பிடி வரை போனது, மாப்பிள்ளையை நினைத்துத் திரும்பியது. பிடியை இழுக்காமல், அவளுக்கு அமைதியாகப் பேசக் கற்றுக்கொடுத்தார், வார்த்தை வார்த்தையாக. கடைசியில் ஓய்ந்த குரலில் அவள் சொன்னாள்: "பிளேன் விழுந்திருக்கு. வாங்க."

எண்பத்தாறு. மணி பதினொன்று ஐம்பத்துநான்கு.

நினைவில்லாமல் கிடந்த மூன்று பேரை மட்டும் உயிரோடு கொண்டுவந்தார்கள்.

"நான் உடனே கண்ணாடிய உடைச்சிருந்தா எத்தன பேர் பொழைச்சிருப்பாங்க?" என்று மரியநாதன் எல்லாரிடமும் கேட்டார்.

"பொறி விதிப்படிதான் நடந்துச்சு" என்றார் மேலதிகாரி. "உறுதியாச் சொல்ல முடியாது சார்" என்றார் மருத்துவர். வெட்கத்தை விட்டு மரியநாதன் ஐயப்பொறியிடமே கேட்டார். 'கேட்பவர் பதற்றத்தில் உள்ளார். நம்பகம் இருபத்தொன்பது' என்றது அது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் தோட்டத்துக்கே போனார்.

"நீதானா அந்த மார்க்கு வாத்தி?" என்று கூடையை இறக்கினாள் பேச்சியம்மாள். நாலு வசவு விழும் என்று தயாராகத்தான் வந்திருந்தார். கேள்வியைக் கேட்டதும் அவள் திட்டவில்லை.

"பதினேழு பேரு. நீ பாடம் எடுக்கையில எண்ணிக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு ஆளா சத்தம் நின்னுச்சு. கடேசி ஆளும் நின்னப்பறந்தான் எனக்கு அந்த நிதானம் வந்துச்சு."