பத்து எண்ணும் வரை

அவள் உள்ளே வந்து, கதவைச் சாத்தி, செருப்பைக் கழற்றிச் சுவரோரம் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது, பூட்டில் சாவி மறுபடியும் திரும்பும் சத்தம் கேட்டது. சாவி அவள் கையில்தான் இருந்தது.

காதில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டாள். நாள் பூராவும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே லெவலை நூறு தரம் விளையாடினால் காது என்ன, மூளையே கழன்று விழும். அவள் ஒரு கேம் கம்பெனியில் டெஸ்டர். ஓடித் தாவிச் சண்டை போடும் ஒரு பழைய கேமை, கைக்கு அடக்கமான புதுக் கருவிக்காக மறுபடி உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் அவளுக்குச் சம்பளம்.

அந்த கேமில் வீரனுக்குப் பின்னால் ஒன்று வரும். ஆபீசில் அதற்கு நிழலான் என்று பெயர். வீரன் போன வழியிலேயே போகும். அவன் செய்ததையெல்லாம் அதே இடத்தில் அப்படியே செய்யும், சரியாகப் பத்து எண்ணிக்கை கழித்து. அதன் கை பட்டவன் சாவதில்லை. அடுத்த நிழலானாக எழுந்திருப்பான். லெவல் முடிவில் இருக்கும் கதவைத் தாண்ட மட்டும் அதனால் முடியாது. போன வாரம் அந்தக் கதவில் அது முட்டி நின்று கேமே உறைந்துபோக, அவள்தான் புகார் எழுதினாள். புரோகிராமர் தலையில் அடித்துக்கொண்டு தடையை எடுத்துவிட்டான்.

"இனிமே அது எங்க வேணா வரும், போதுமாக்கா? ஆளை விடுங்க!"

டீம் லீடரம்மா மட்டும் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கருவியை மூடும் முன் வீரனை நிறுத்தி, நிழலானிடம் பிடிகொடுத்துவிட வேண்டும். "பாதியில விட்டுட்டுப் போகாதே. பிடி குடுத்துட்டுப் போ" என்பார். எல்லோரும் கேலி செய்தாலும் ஒருவர் விடாமல் செய்தார்கள்.

இன்று அவள் செய்யவில்லை. மகளுக்குக் காய்ச்சல் என்று நாத்தனார் போன் செய்ததும், ஓட்டத்தின் நடுவிலேயே கருவியைப் பட்டென்று மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். நாத்தனார் படிக்கட்டிலேயே எதிர்ப்பட்டு, "மருந்து குடுத்துட்டேன் அண்ணி, இப்பத்தான் கண்ணசந்தா" என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினாள்.

நாலு மணிதான். ஆனால் வெளியே மழைமேகம் கட்டி, கூடம் இருண்டு கிடந்தது. ஈரத்துணியும் மருந்தும் கலந்த வாசனை. அவள் விளக்கைப் போட்டாள். பையை நாற்காலியில் வைத்துவிட்டு, மகளின் ஸ்கூல் பையை ஓரமாக எடுத்து வைத்து, ஜன்னலைச் சாத்திக் கொக்கியை மாட்டுவதற்குள், அவளுக்குப் பின்னால் சுவிட்சு 'டக்' என்றது. விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

டெஸ்டர் புத்தி சும்மா இருக்குமா? சுவரில் விரலை மடக்கி மூன்று முறை தட்டினாள். ச்சீ, என்ன பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டு மகளின் அறைக்குள் போனாள்.

"அம்மா வந்துட்டியா?"

"வந்துட்டேண்டா தங்கம். தூங்கு."

நெற்றி அனலாய்க் கொதித்தது. எட்டு வயசு உடம்பு எவ்வளவு சூட்டைத் தாங்கும்! பாவமாக இருந்தது. குனிந்து, மகளை அப்படியே கட்டிக்கொண்டாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

கூடத்துச் சுவரில் யாரோ தட்டினார்கள். மூன்று முறை.

பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கிறார்கள், வேறென்ன? அந்த அறைக்குச் சமையலறைப் பக்கமும் ஒரு கதவு உண்டு. அதன் வழியாகப் போய், நெற்றியில் போடத் துணியைக் குழாயில் நனைத்தாள். தண்ணீர் சத்தம் வேண்டியிருந்தது. வேறெதுவும் கேட்காதிருக்க.

ஆனாலும் கேட்டது. மகளின் அறையில், கூடத்துப் பக்கக் கதவு கிரீச்சிட்டது.

அப்போதுதான் உறைத்தது. அது அவளைத் தேடி வரவில்லை. அவள் போன வழியில் வருகிறது. அவள் செய்ததையெல்லாம் செய்துகொண்டு.

கட்டிக்கொண்டதையும்.

"அம்மா... இப்பத்தானே கட்டிப்பிடிச்சே? மறுபடி எதுக்கு?"

தூக்கக் கலக்கத்தில், செல்லமாக, மகளின் குரல்.

துணி கைநழுவியது. ஓடினாள். நாலே எட்டு. கூடத்தில், மூடிக்கிடந்த பைக்குள்ளிருந்து மெல்லிய மெட்டு கேட்டது. வீரன் பிடிபட்டால் வருமே, அது.

அறையில் வேறு யாரும் இல்லை. மகள் மட்டும். போர்வை கழுத்துவரை. கண்கள் திறந்திருந்தன.

"தங்கம்?"

இமைகூட அசையவில்லை. நெற்றியைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது.

இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டாள். ஐயோ, என்ன செய்துவிட்டேன்! பழகிய வாய் தானாக எண்ண ஆரம்பித்தது.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

கடவுளே, வேண்டாம்.

"நாலு. அஞ்சு."

எண்ணி முடிப்பதற்குள் மகளின் உதடுகள் பிரிந்தன.

"தங்கம்?" என்றாள் மகள், அதே பதற்றத்தோடு.

ஒரு சின்னக் கை எழுந்து, எதிரே காற்றில் ஒரு நெற்றியைத் தொட்டது. பிறகு இரண்டு கைகளும் மெதுவாகத் தலைமேல் போய் உட்கார்ந்தன.

"ஒண்ணு," என்றாள் மகள். "ரெண்டு."