ஆந்தையின் பச்சை விளக்கு

வாலு என்பது அவளுக்கு அப்பா வைத்த பட்டப்பெயர். அது சும்மா கிடைத்துவிடவில்லை. மின்விசிறியில் பொம்மையைக் கட்டிச் சுற்ற விட்டது, அம்மாவின் கைப்பேசியைச் சுத்தம் செய்கிறேன் என்று சோப்புத் தண்ணீரில் முக்கியது என்று பாடுபட்டுச் சம்பாதித்த பெயர்.

அப்பா இறந்த பிறகு அவள் வாலைச் சுருட்டி வைத்துக்கொண்டாள். யாரும் சொல்லாமலே வீட்டுப்பாடம் எழுதினாள். சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். அதைப் பார்க்கும்போதுதான் அம்மாவுக்கு இன்னும் துக்கமாக இருந்தது.

அப்பா இறந்தது தெருவில் எல்லோருக்கும் தெரியும். பள்ளியிலும் தெரியும். அதனால் அந்தச் செய்தியை வாலு தன் வாயால் யாரிடமும் சொல்ல வேண்டி வரவில்லை. அதுவரைக்கும் நல்லது என்று நினைத்துக்கொண்டாள்.

அப்பா பகலில் வங்கியில் வேலை பார்த்தார். மாலையில் அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. பழைய காலத்துக் கணினிகளுக்காக எழுதிய புரோகிராம்கள் புதிய கணினிகளில் ஓடாது. இரண்டும் வேறு வேறு பாஷை பேசும். நடுவில் நின்று, இது சொல்வதை அதற்குப் புரியவைக்க ஒரு மென்பொருள் வேண்டும். உலகத்தின் மூலைமுடுக்கில் இருந்தெல்லாம் ஒரு கூட்டம் சேர்ந்து அதை எழுதிக்கொண்டிருந்தது. யார் வேண்டுமானாலும் சேரலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். சம்பளம் மட்டும் கிடையாது.

"கிழட்டு புரோகிராமுக்கெல்லாம் முதியோர் இல்லம் நடத்துறாரு உங்கப்பா" என்று அம்மா கேலி செய்வாள்.

அந்தக் கூட்டத்தில் ஆளுக்கொரு புனைபெயர். ராத்திரியெல்லாம் விழித்திருப்பதால் அப்பாவுக்கு ஆந்தை. புதிதாகச் சேருகிறவர்களைப் பார்த்துக்கொள்வது ஆந்தையின் பொறுப்பு. புதியவர் தன்னுடைய முதல் திருத்தத்தை எழுதி அனுப்புவார். ஆந்தை அதைப் பார்த்து 'சரி' என்று எழுதினால்தான் அது மென்பொருளில் சேரும்.

இப்போது அப்பாவின் கணினி மேல் ஒரு பூப்போட்ட போர்வை கிடந்தது. அம்மா போட்டது.

ஒருநாள் மாலை, மருந்துக்கடை வேலை முடிந்து அம்மா வருவதற்குள், வாலு போர்வையை விலக்கினாள். அவளுக்கு மீன் விளையாட்டு ஆட வேண்டும்போல இருந்தது. அப்பா சிறுவனாக இருந்தபோது ஆடிய விளையாட்டு அது. அந்த மென்பொருள் இருந்ததால் அப்பாவின் கணினியில் மட்டும்தான் ஓடும்.

பொத்தானை அழுத்தினாள். திரை வெளிச்சமானது. கூட்டத்தின் பேச்சுப் பக்கம் தானாகவே திறந்துகொண்டது. 'ஆந்தை' என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பச்சை விளக்கு எரிந்தது. ஆள் இருக்கிறார் என்று அதற்கு அர்த்தம்.

ஒரு செய்தி காத்திருந்தது. அனுப்பியவர் பெயர் நத்தை.

"ஆந்தை அண்ணா, என் முதல் திருத்தத்தை அனுப்பி ரொம்ப நாளாச்சு. நான் புதுசு. தப்பா இருந்தா தப்புன்னு சொல்லிடுங்க. பதிலே வராம இருந்தா என்ன நினைக்கிறதுன்னே தெரியலை."

வாலு அதை மறுபடி படித்தாள். பாவம், இந்த நத்தை தினமும் வந்து பார்த்திருக்கும். அப்பா இருந்திருந்தால் அன்றைக்கே பதில் போட்டிருப்பார். அவருக்கு யாரையும் காக்க வைக்கப் பிடிக்காது.

அப்பா என்ன எழுதுவார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். ஒற்றை விரலால் தட்டினாள்.

"வருக நத்தை! முதல் கோணல் முற்றும் கோணல்னு சும்மா சொல்லி வெச்சிருக்காங்க. இங்க எல்லாருக்கும் முதல்ல கோணல்தான். கவலைப்படாதே."

உடனே பதில் வந்தது. "அண்ணா! அப்பாடா! விட்டுட்டுப் போயிடலாம்னு நினைச்சேன்!"

வாலு சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. யாரோ ஒருவருக்கு அப்பா இன்னும் இருக்கிறார். எங்கேயோ ஓர் ஊரில், இந்த நிமிஷம், ஆந்தை பதில் போட்டுவிட்டது என்று ஒருவர் சந்தோஷப்படுகிறார். அது அவளுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்றால், மறுநாளும் பள்ளி விட்டதும் ஓடி வந்து போர்வையை விலக்கினாள்.

நத்தை காத்திருந்தார். "அண்ணா, திருத்தத்தைப் பார்த்தீங்களா? பழைய புரோகிராம்ல எழுத்தெல்லாம் பொடிப்பொடியா தெரியுது. அதைத்தான் பெருசாக்கியிருக்கேன்."

மீன் விளையாட்டைத் திருத்தத்தோடு ஓட விடுவது எப்படி என்று வாலுவுக்குத் தெரியும். ஓட விட்டாள். மீன்களின் பெயர்கள் பெரிதாக, அழகாகத் தெரிந்தன. இதில் என்ன குறை இருக்கிறது?

"சரி" என்று எழுதினாள்.

அப்பா பத்து புரோகிராம்களையாவது ஓட்டிப் பார்க்காமல் 'சரி' சொல்லமாட்டார். அது அப்போது அவளுக்கு நினைவு வரவில்லை. நத்தையின் சந்தோஷம்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

அடுத்த நாள் பேச்சுப் பக்கம் அல்லோலகல்லோலப்பட்டது. ஒரு கால்நடை மருத்துவமனையில் பழைய பதிவுப் புரோகிராம் ஒன்று இருந்தது. எழுத்துகள் பெருத்துப் போனதில் 'அடுத்தவர்' என்ற பொத்தான் திரைக்கு வெளியே போய்விட்டதாம். யாரையும் உள்ளே அனுப்ப முடியவில்லை. நாய்களும் பூனைகளும் ஒரே வராந்தாவில் உட்கார்ந்து ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கின்றனவாம். இன்னும் பல இடங்களில் இருந்தும் புகார் வந்திருந்தது.

"யார் இந்த நத்தை?" என்று ஒருவர் எழுதியிருந்தார்.

"வேலை தெரியாதவங்க ஏன் இதுல கை வைக்கிறாங்க?" என்று இன்னொருவர்.

கடைசியில் நத்தையின் செய்தி. "எல்லாரும் மன்னிச்சுக்கோங்க. தப்பு என்னோடதுதான். ஆந்தை அண்ணாவைக் குறை சொல்லாதீங்க, நான்தான் அவரை அவசரப்படுத்திட்டேன். நான் விலகிக்கறேன்."

வாலுவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. அப்போது அவளுக்கு மட்டும், அதாவது ஆந்தைக்கு மட்டும், ஒரு தனிச் செய்தி வந்தது. கூட்டத்தின் தலைவர் நங்கூரத்திடமிருந்து. அப்பாவின் நெடுநாள் நண்பர் அவர்.

"இது யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா ஆந்தை இல்லைன்னு தெரியும். அவர் போன செய்தி வந்த அன்னைக்கு நான் அழுதிருக்கேன். இப்ப அவர் பேர் பக்கத்துல விளக்கு எரியறதைப் பார்த்ததும் மறுபடி அழுதுட்டேன். ஒரு நிமிஷம், வந்துட்டார்னே நினைச்சேன். தயவுசெஞ்சு இப்படிப் பண்ணாதீங்க."

வாலு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த விளக்கு இன்னொருவரை இப்படி அழ வைக்கும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை.

அம்மா வந்தபோது போர்வை தரையில் கிடந்தது. வாலு நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள். அம்மா கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்னடா? என்ன ஆச்சு?"

வாலு எல்லாவற்றையும் சொன்னாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை.

"அப்பா மாதிரி எழுதினியா நீ?"

"ம்."

"எங்கே, காட்டு."

அம்மா குனிந்து படித்தாள். முதல் கோணல் வரும் இடத்தில் அவளுக்குக் களுக்கென்று சிரிப்பு வந்தது. "அப்படியே அவர்தான்" என்றாள். சொல்லி முடிக்கும் முன்னே அழுதுவிட்டாள். அப்பா போன பிறகு அம்மா குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுத்தான் அழுவாள். இப்போது வாலுவைக் கட்டிக்கொண்டு, சத்தமாக, சின்னக் குழந்தை மாதிரி அழுதாள். வாலுவும் அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா எழுதிடட்டுமா? குழந்தை தெரியாம பண்ணிட்டான்னு சொன்னா விட்டுடுவாங்க."

வாலு யோசித்தாள். அம்மா எழுதினால் சுலபம். ஆனால் வாலுவின் தப்பையும் தன்மேல் போட்டுக்கொண்டு நத்தை போகப் போகிறார்.

"வேணாம்மா. 'சரி'ன்னு சொன்னது நான். நானே சொல்றேன்."

"அப்பா பேர்லயா?"

"இல்ல. என் பேர்ல."

அப்பாவின் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, சேருகிறவர்களுக்கான பக்கத்தைத் தனியே திறந்தாள். புனைபெயர் கேட்டது. 'வாலு' என்று கொடுத்தாள். 'புதியவர்' என்று அவள் பெயருக்குக் கீழே விழுந்தது. பிறகு எல்லோரும் படிக்கும் பக்கத்தில் எழுதத் தொடங்கினாள்.

"நத்தை மேல தப்பே இல்லை. 'சரி' சொன்னது ஆந்தை இல்லை, நான். மீன் விளையாட்டுல மட்டும் பார்த்துட்டுச் சொல்லிட்டேன். ஆந்தை என் அப்பா. அப்பா"

விரல் நின்றுவிட்டது.

'ஊருக்கு' என்று தட்டினாள். அழித்தாள். 'இப்போது இங்கே' என்று தட்டினாள். அதையும் அழித்தாள். அந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டால், நத்தைக்கும் அப்பா இல்லாமல் போய்விடுவார். அப்புறம் எந்த ஊரிலும் இருக்கமாட்டார்.

அம்மா அவள் முதுகில் கை வைத்தாள்.

"இறந்துட்டார்" என்று எழுதி முடித்தாள் வாலு. அனுப்பினாள்.

பிறகு நங்கூரம் எழுதினார்.

"வாலு, உன் மேலயும் தப்பில்லை. பழைய ஆளுங்களுக்கு மட்டும் செய்தி சொன்னேன். புதுசா வர்றவங்களுக்கும் சொல்லணும்னு தினமும் உட்காருவேன். எழுத வராது. அதனாலதான் அவங்க எல்லாரும் காத்துக்கிட்டே இருந்தாங்க. நான் செய்ய வேண்டியதை நீ செஞ்சிருக்கே. அந்தத் திருத்தத்தை எடுத்துட்டேன். பயப்படாதே, இங்க எதையும் பழையபடி ஆக்கிடலாம்."

எதையும் என்பது உண்மையில்லை. அது அவருக்கும் தெரியும், வாலுவுக்கும் தெரியும். ஆனாலும் அவர் நல்ல மனசோடுதான் எழுதியிருந்தார்.

பிறகு ஒருவர் பின் ஒருவராக எழுதினார்கள். என் முதல் திருத்தத்தில் முப்பது பிழை, ஆந்தை ஒன்றுக்குக்கூடச் சலித்துக்கொள்ளவில்லை என்றார் ஒருவர். எனக்கு வேலை போன சமயத்தில் தினமும் சாப்பிட்டாயா என்று கேட்டார் என்றார் இன்னொருவர். வேலை தெரியாதவங்க என்று கோபப்பட்டவர், நத்தையிடம் மன்னிப்புக் கேட்டார். அம்மாவுக்கு இதில் பாதி விஷயம் தெரியாது. "இதெல்லாம் எப்பப் பண்ணினாரு?" என்று கேட்டுக்கொண்டே படித்தாள்.

கடைசியாக நத்தை வந்தார்.

"வாலு, நான் ஒரு ரயில் நிலையத்துல டிக்கெட் கொடுக்கிறவ. ரயில் இல்லாத நேரத்துல உட்கார்ந்து கத்துக்கிட்டேன். எனக்கு 'வருக'ன்னு சொன்ன ஒரே ஆள் நீதான். நான் போகலை. பொத்தான் ஓடிப்போகாத மாதிரி மறுபடி எழுதிப் பார்க்கறேன். நீயும் இந்தத் தடவை மீனோட நிறுத்திடாதே!"

வாலு மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "நிறுத்த மாட்டேன் அக்கா. நாய் பூனையையும் பார்க்கிறேன்" என்று எழுதினாள்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"அணைச்சுடலாமா?" என்றாள் அம்மா.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்மா."

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. எதிர்வீட்டில் யாரோ சமையலறை விளக்கைப் போட்டார்கள். அப்புறம் வாலு அம்புக்குறியை 'வெளியேறு' என்ற இடத்துக்குக் கொண்டுபோய், அம்மாவின் விரலைப் பிடித்து மவுஸின் மேல் வைத்தாள். இருவரும் சேர்ந்து அழுத்தினார்கள். பச்சை விளக்கு அணைந்தது. வாலுவுக்கு மறுபடி அழுகை வந்தது. அம்மா போர்வையை எடுத்து மடித்து, கணினி மேல் போடாமல், அலமாரியில் கொண்டுபோய் வைத்தாள்.

மறுநாள் வாலு தன் பெயரில் உள்ளே வந்தபோது, முன்பின் பார்த்திராத ஒரு புதிய பெயர் நின்றுகொண்டிருந்தது.

"வணக்கம். நான் புதுசு. முதல் திருத்தம் கொண்டுவந்திருக்கேன். ஆந்தைன்னு ஒருத்தர்கிட்ட கேக்கணும்னு சேருகிறவங்களுக்கான பக்கத்துல போட்டிருக்கு. இருக்காரா?"

வாலு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அவர் இறந்துட்டார். நான் அவரோட பொண்ணு, நானும் புதுசுதான். பெரியவங்க யாராவது வந்து பார்க்கிற வரைக்கும், வாங்க, நான் கூட இருக்கேன்."