அச்சமானி பச்சையாக இருக்கட்டும்

தொழுகை முடிந்து பாயில் உட்கார்ந்திருந்த ஜெஸீமாவின் மணிக்கட்டில் அச்சமானி சிவந்தது.

அவளை யாரும் அடிக்கவில்லை. அடிக்க வீட்டில் ஆளும் இல்லை. கணவன் ராஸிக் போன மாதமே மீன்பிடிக் கப்பலேறிப் போய்விட்டான். இருந்தும் சன்னலுக்கு வெளியே காவல்தும்பி என்ற ட்ரோன் ரீங்கரித்தபடி வந்து நின்றது.

கடல் விழுங்கிய தீவுகளின் மக்கள் வாழும் அந்த மிதவை முகாமில் எல்லாப் பெண்களின் கையிலும் அச்சமானி உண்டு. நாடியையும் வியர்வையையும் அளந்து, அடி வாங்கும் பெண்ணை அது கண்டுபிடிக்கும். சிவந்தால் தும்பி வரும். விசாரணை முடியும்வரை அந்த வீட்டில் எல்லோருக்கும் வேலைச்சீட்டு நிறுத்தப்படும். அடிப்பவன் பயப்படட்டும் என்று போட்ட விதி. பட்டினி கிடந்தது அடிபட்டவளும்தான்.

அதனால் பக்கத்து அறை மிஸ்ரியா ராத்தா ஒரு வழி சொன்னாள். "அவன் கை ஓங்கக்குள்ள மூச்ச நீட்டி இழுத்து, மெதுவா திக்ரு ஓது புள்ள. நெஞ்சு அடங்கிரும். மெஷினுக்கு ஒண்டும் விளங்காது."

முகாமே கற்றுக்கொண்டது. அடி விழும்போதெல்லாம் ஜெஸீமா உள்ளுக்குள் 'சுப்ஹானல்லாஹ்' என்று ஓதினாள். அச்சமானி பச்சையாகவே இருந்தது. நண்டு உடைக்கும் கூடத்தில் அவள் வேலையும் தப்பியது.

இப்போது ஏன் சிவக்கிறது?

"யாரும்மா அடிச்சது?" என்றாள் விசாரணை அறையில் இருந்த அதிகாரி.

"ஒருத்தருமில்ல மிஸ். ஓதிக்கிட்டு இருந்தன்."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. காயத்தோட மருந்தறைக்கு வந்தவங்க நாடியெல்லாம் அடி விழுந்த நேரத்துல இப்படித்தான் அடங்கியிருக்கு. கருவி அதுவாவே கத்துக்கிச்சு. இந்த அமைதி வந்தா அடி விழுதுன்னு கணக்கு."

"இது அந்த அமைதியில்ல மிஸ். இது சும்மா அமைதி."

அதிகாரி திரையில் அவளுடைய பழைய நாடிக்கோட்டையும் இன்றைய கோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். வேறுபாடு தெரியவில்லை. எட்டிப் பார்த்த ஜெஸீமாவுக்கும் எது எந்த நாளுடையது என்று தெரியவில்லை.

"இந்தத் தடவை விட்டுடறேன். இன்னொரு தடவை சிவந்தா வேலைச்சீட்டு ரத்து. என் கையில இல்லம்மா."

வெளியே மிஸ்ரியா ராத்தா தலையில் கை வைத்து நின்றாள். "எனக்கும் சிவந்திட்டுது புள்ள! என்ட மனுசன் மௌத்தாகி நாலு வருசம். கபுறிலருந்து எழும்பி வந்தா அடிக்கிறாரு?"

"அப்ப ஓதுறத உட்டுரவா ராத்தா?"

ராத்தா தன் மணிக்கட்டை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள்.

மாலையில் ஜெஸீமா மறுபடி பாய் விரித்தாள். மகள் பக்கத்தில் சோறு தின்றுகொண்டிருந்தாள். ஓத ஓத மூச்சு நீண்டது; நெஞ்சு தணிந்தது. அச்சமானி மஞ்சளானது. அவள் திடுக்கிட்டாள். உடனே அது பச்சைக்குத் திரும்பியது.

அவளுக்குப் புரிந்தது. கொஞ்சம் பயம் வேண்டும். அதிகமானாலும் சிவந்துவிடும்.

கண்ணை மூடி, நடைபலகையில் ராஸிக்கின் செருப்புச் சத்தம் நெருங்கி வருவதை நினைத்தாள். தாழ்ப்பாள் அசையும் இடம் வந்ததும் நிறுத்திக்கொண்டாள். பிறகு ஓதினாள்.

ரோந்து வந்த தும்பி திருப்தியாக அடுத்த சன்னலுக்கு நகர்ந்தது.