ஆம்பூரில் நின்ற குண்டூசி

இயந்திரத்திலிருந்து ஈரமாக வெளியே வந்த படத்தில், யாரும் தொடுவதற்கு முன்பே ஓர் ஊசித் துளை இருந்தது.

கங்காதரன் அதைத் தடவிப் பார்த்தான். எண்பத்து மூன்று நவம்பர், மதியம். சத்துவாச்சாரி வானிலை நிலையத்தின் அந்தச் சின்ன அறை முழுக்கக் கருகிய காகித வாடை. செயற்கைக்கோள் அனுப்பும் படத்தில் புயல் மேகம் வெறும் பட்டையா, சுருளா, நடுவில் காற்றே இல்லாத கண்ணோடு இருக்கிறதா என்று ரகம் பிரிப்பதுதான் அவனுக்கும் சம்பத்துக்கும் வேலை. ஒருவன் மையத்தைக் கண்டுபிடித்துச் சுவர் வரைபடத்தில் குண்டூசி குத்துவான்; மற்றவன் தனியாகப் பார்த்துச் சரிசொல்ல வேண்டும். ஆனால் பத்து வருஷத்து தோஸ்த் குத்தினதை யாராவது சரிபார்ப்பார்களா? கங்காதரன் திரும்பிக்கூடப் பார்க்காமல் "சரிடா" என்றுவிடுவான். காலையிலும் அப்படித்தான் சொன்னான்.

இப்போது திரும்பிப் பார்த்தான்.

காலைப் படத்தில் புயலின் கண் குடியாத்தத்தின் மேல் இருந்தது. சம்பத் குத்திய ஊசி நின்றதோ ஆம்பூரில். புதிய படத்தில் மேகம் மொத்தமும் நகர்ந்து வந்து, துளை விழுந்திருந்த ஆம்பூரைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்திருந்தது. 

"தப்பா குத்திட்டியாடா?"

சம்பத் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. "இல்ல. குத்துற எடத்துக்கு அது வருது கங்கா. ரெண்டு பேரும் ஒத்துக்கினா வரும். கடல்ல குத்திப் பாத்தேன். ஆளில்லாத எடத்துக்கு வர மாட்டேங்குது. ஆளுங்க வெளிய நின்னாத்தான் அங்கயே தங்குது. குடியாத்தத்துல எம் புள்ளைங்க கீதுங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

"ஆம்பூர்ல சாவித்திரி இருக்காடா! ஏழு மாசம்டா!"

 சம்பத் அவர்கள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன். கங்காதரனுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மனைவி டைப்பிஸ்டாக இருக்கும் தோல் கம்பெனிக்குப் போன் போட்டான்.

"காத்தே இல்லீங்க. நல்ல வெயில்," என்றாள் சாவித்திரி. "சுத்தி மட்டும் மேகம் செவுரு மாதிரி நிக்குது."

"வெளிய வராத!"

"அட, பயப்படாதீங்க. சித்த முன்னதான் சம்பத் அண்ணன் போன் பண்ணாரு. புயல் போய்டுச்சு, எல்லாரையும் வெளிய வரச் சொல்லுன்னாரு. எல்லாரும் போய்ட்டாங்க. நானும் போறேன்."

ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தம். செருப்புச் சத்தம். கதவு.

"சாவித்திரி!"

பின்னால் இயந்திரம் கிறீச்சிட்டது. அடுத்த படம். வரி வரியாக. மேகம். வட்டம். நடுவில் வெளிச்சம். அவ்வளவு உயரத்திலிருந்து ஓர் ஊரே புள்ளியாகத்தான் விழும். ஆனால் அந்த வெளிச்சத்தில் கூந்தல் தெரிந்தது. வகிடு. அண்ணாந்த நெற்றி. கண்கள்.

சாவித்திரி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் அகலத் திறந்திருந்தது. அதற்குக் கீழே, அடுத்த வரியிலிருந்து, வெறும் மேகம்.